எத்தனை நாளில் தீருகிறது உங்கள் இன்ஹேலர்?

சால்பியூட்டமால் இன்ஹேலர் புதிதாக வாங்கும்போது பொதுவாக அதில் 200 பஃப் இருக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்படாது. ஒரு தடவைக்கு இரண்டு பஃப் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு நான்கு. அந்தக் கணக்கில் ஒரு இன்ஹேலர் தீர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். கடைசியாக வாங்கியது போன தீபாவளிக்கு முன்பா, போன மாதமா? மாதம் ஒன்று தீருகிறது என்றால் தினம் ஆறேழு பஃப் போகிறது. அதாவது மூச்சுக்குழாய்கள் தினமும் அடைத்துக்கொள்கின்றன. அடைக்கும்போதெல்லாம் திறந்துவிட்டுச் சமாளிக்கிறோம், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் மாலை நேரத்தில் அரைமணி நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

“அண்ணே, அப்பாவுக்கு அந்த நீல பம்ப் ஒண்ணு குடுங்க.”

“இப்பதானே தம்பி வாங்கிட்டுப் போன?”

“அது தீந்துபோச்சுண்ணே. ராத்திரி ரெண்டு மூணு வாட்டி அடிக்கிறாரு.”

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். பையன் வாங்கிக்கொண்டு போகிறான். சால்பியூட்டமால், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. நடைமுறையில் யாரும் சீட்டைக் கேட்பதில்லை. இந்தப் பேச்சில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது “ராத்திரி ரெண்டு மூணு வாட்டி” என்ற சொற்கள்தான். வீசிங்கால் இரவில் எழுந்து உட்காருகிறவரின் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பரிசோதனையும் சொல்லிவிடாது.

இன்ஹேலர் விஷயத்தில் நம்மிடம் இரண்டு மனநிலைகள் உண்டு. ஒன்று பயம்: “அதை ஆரம்பிச்சா பழகிடும், அப்புறம் விடவே முடியாது”, “அது கடைசி ஸ்டேஜுக்குத்தான்.” பொண்ணு பார்க்க வருகிற வீட்டில் இன்ஹேலரைப் பீரோவுக்குள் ஒளித்து வைக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மற்றொன்று, பழகிய பிறகு வருகிற அலட்சியம்: மூச்சு இழுத்தால் இரண்டு பஃப், மாடி ஏறினால் இரண்டு, படுக்கும் முன் இரண்டு. பயந்தவர்கள் நல்ல மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அலட்சியமானவர்கள் அந்த மருந்து காட்டும் எச்சரிக்கையைத் தவறவிடுகிறார்கள். இரண்டு கூட்டமும் கடைசியில் வந்து சேர்கிற இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

திறக்கும், ஆற்றாது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்திருக்கிறது. தூசி, புகை, சளிக்காய்ச்சல், மார்கழிப் பனி என்று ஏதாவது ஒன்று சீண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கடினமாகிறது. ‘விசில்’ சத்தம் வருவது அந்த ஒடுங்கிய வழியில் காற்று நெருக்கிக்கொண்டு போவதால்.

சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை தாங்கும். உடனடி நிவாரணத்துக்கு இது அருமையான மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உட்சுவரின் வீக்கத்தை இது தொடுவதே இல்லை. கூரை ஒழுகுகிற வீட்டில் சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைப்பதைப் போன்றது இந்த மருந்து. பாத்திரம் வேண்டும்தான். ஆனால் மணிக்கொரு தரம் பாத்திரத்தை மாற்ற வேண்டியிருந்தால் ஓட்டைப் பார்த்தாக வேண்டும்.

அந்த ஓட்டைப் பார்ப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டு. பியூடெசோனைடு, பெக்ளோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் போன்ற பெயர்களில் வருவது. போட்டவுடன் ‘சுகம்’ தெரியாது. தினமும் போட்டுவர, சில நாட்களில் வீக்கம் தணியத் தொடங்கும். உடனே பலன் தெரியாததாலேயே நம்மவர்கள் இதை நிறுத்திவிட்டு, உடனே பலன் தெரிகிற நீல பம்பை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

“இன்ஹேலர் பவர் ஜாஸ்தி, மாத்திரையே போதும்” என்பவர்களுக்கு ஒரு சிறிய கணக்கு. சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் என்றால் 0.2 மில்லிகிராம். அதே மருந்தின் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை என்பது இரண்டு பஃப்பைப் போல இருபது மடங்கு. மாத்திரை வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வருகிறது. அதனால் கை நடுக்கமும் படபடப்பும் அதிகம், வேலை செய்யவும் நேரமாகிறது. பஃப் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. பயப்பட வேண்டியது எதற்கென்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

மருந்தே ஆபத்தான காலம்

கையடக்க இன்ஹேலர் பிறந்ததற்கு ஒரு சிறுமியின் கேள்விதான் காரணம் என்பார்கள். 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகள், ஆஸ்துமா மருந்தைக் கண்ணாடிக் குமிழை அழுத்தி உறிஞ்ச வேண்டியிருந்த தொல்லையில், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று கேட்டாளாம். அடுத்த ஆண்டே, 1956இல், அளந்து பீய்ச்சும் இன்ஹேலர் சந்தைக்கு வந்தது. உள்ளே இருந்தவை அட்ரினலினும் ஐசோபிரினலினும்.

வசதி வந்தது, கூடவே விபரீதமும் வந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமாவால் இறக்கும் சிறுவர்கள், இளைஞர்களின் எண்ணிக்கை ஏறியது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஏழே ஆண்டுகளில் இறப்பு விகிதம் ஏறத்தாழ எட்டு மடங்கானதை 1968இல் ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இவர்களில் ரிச்சர்ட் டால், புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவர். அங்கே விற்ற இன்ஹேலர்களில் ‘ஃபோர்ட்’ என்ற வீரியம் கூடிய வகை, ஒரு பஃப்புக்குப் பல மடங்கு ஐசோபிரினலினைத் தள்ளியது. அந்த வகை விற்காத அமெரிக்காவில் இறப்புகள் இப்படி ஏறவில்லை. ஐசோபிரினலின் நுரையீரலோடு சேர்த்து இதயத்தையும் முடுக்கிவிடும் மருந்து. அது இதயத்தை நேரடியாகத் தாக்கியதா, அல்லது “இன்னும் இரண்டு பஃப்” என்று வீட்டிலேயே இருந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதுதான் உயிரைப் பறித்ததா என்ற விவாதம் நெடுநாள் ஓடியது. 1967இல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது. அதுவரை கடையில் கேட்டாலே கிடைத்த இன்ஹேலர், 1968 இறுதியில் சீட்டு இருந்தால் மட்டும் என்று ஆனது. இறப்புகள் இறங்கின.

இதயத்தை அதிகம் தொடாமல் மூச்சுக்குழாயை மட்டும் திறக்க முடியுமா என்று தேடியவர் டேவிட் ஜாக். ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். இங்கிலாந்தின் வேர் என்ற ஊரில் கிளாக்சோவின் துணை நிறுவனமான ஆலன் அண்ட் ஹன்பரிஸ் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு உருவாக்கிய சால்பியூட்டமால் 1969இல் வெண்டோலின் என்ற பெயரில் வெளிவந்தது. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1972இல் அதே குழு பெக்ளோமெத்தசோன் என்ற உறிஞ்சும் ஸ்டீராய்டையும் கொண்டுவந்தது. குழாயைத் திறக்க ஒன்று, வீக்கத்தை ஆற்ற ஒன்று. ஒரே ஆய்வுக்கூடம் மூன்றாண்டு இடைவெளியில் இரண்டையும் கையில் கொடுத்தது. உலகம் முதலாவதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டது.

பாடம் ஒரு தடவையில் ஏறவில்லை. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற நிவாரண இன்ஹேலர் அறிமுகமானதும் அங்கே ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. வெலிங்டன் ஆய்வாளர்கள் 1989இல் ‘லான்செட்’ இதழில் அந்த மருந்தை நோக்கிக் கைகாட்டினார்கள். அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு இறப்புகள் வேகமாகச் சரிந்தன. பின்னர் அமெரிக்காவில் சால்மெட்டெரால் என்ற, பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் மருந்தை 26,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். ஆஸ்துமாவால் இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 13 பேர், எடுக்காதவர்களில் 3 பேர். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்து வந்த பெரிய ஆய்வுகளில், அதே வகை மருந்து உறிஞ்சும் ஸ்டீராய்டோடு சேர்ந்து ஒரே கருவியில் போனபோது அந்த ஆபத்து தென்படவில்லை. கூட்டு மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 டிசம்பரில் எடுத்துவிட்டது.

அரை நூற்றாண்டு அனுபவத்தின் சாரம் 2019இல் விதியானது. உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல் தரும் ‘ஜீனா’ அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கும் பழைய முறையைப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று அறிவித்தது. சிகிச்சையின் எந்தப் படியில் இருந்தாலும் கூடவே ஸ்டீராய்டு இருக்க வேண்டும். சால்மெட்டெராலைப் போலவே நீண்டநேரம் தாங்கும் ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் வேலை செய்வதால், பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் கலந்த ஒரே இன்ஹேலரை நிவாரணத்துக்கும் பயன்படுத்தலாம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் திறக்கும் மருந்தோடு ஆற்றும் மருந்தும் போய்ச் சேரும். சால்மெட்டெரால் மெதுவாக வேலை செய்வதால் அது கலந்த இன்ஹேலரை அவசரத்துக்கு அடித்துப் பயனில்லை. உங்களிடம் இருப்பது எது என்று பெயரைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஜீனா சொல்லும் எண்ணிக்கை இது: ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் சால்பியூட்டமால் இன்ஹேலர் தீர்ந்தால் கடும் தாக்குதலின் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால் உயிராபத்தே கூடுகிறது. பிரிட்டனில் 195 ஆஸ்துமா இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் வந்த அறிக்கையில், நிவாரண இன்ஹேலர் பயன்படுத்தியவர்களில் 39 விழுக்காட்டினருக்கு இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேல் எழுதித்தரப்பட்டிருந்தது. இறந்தவர்களில் 45 விழுக்காட்டினர் உதவியே கேட்கவில்லை, அல்லது உதவி வருமுன் போய்விட்டார்கள். இந்தியாவில் உலக ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். ஆனால் உலகின் ஆஸ்துமா இறப்புகளில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கே நடப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன.

வாயில் அடித்தால் போதுமா?

மருத்துவரின் அறையில் “அடித்துக் காட்டுங்கள்” என்று சொன்னால், பலரும் வாயை ஆவென்று திறந்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ‘ஸ்ஸ்’ என்று அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். உதட்டோரத்தில் புகை போல வெளியே வருகிறதே, போன மருந்து அதுதான். சரியாக அடித்தாலும் ஒரு சிறு பங்குதான் நுரையீரலை எட்டுகிறது. மீதி தொண்டையில் படிகிறது. தவறாக அடித்தால் அந்தச் சிறு பங்கும் இல்லை. “பம்ப் எனக்குக் கேக்கல” என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் மருந்து உள்ளே போகவே இல்லை.

பீய்ச்சும் இன்ஹேலருக்கான முறை: மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப் பையில், கைப்பையில் மூடி இல்லாமல் கிடந்த இன்ஹேலருக்குள் போன நாணயமும் மாத்திரைத் தாளும் மூச்சுக்குழாய்க்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நன்றாகக் குலுக்குங்கள். புதியது என்றாலோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடாமல் கிடந்தது என்றாலோ முதலில் சில பஃப்பைக் காற்றில் அடித்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உதடுகளால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் இழுப்பதை நிறுத்தக் கூடாது. மூன்று முதல் ஐந்து விநாடி மெதுவாக, நீளமாக இழுங்கள். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துவையுங்கள். அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்குங்கள்.

கையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்களுக்கு, அதாவது குழந்தைகள், முதியவர்கள், திணறலில் இருக்கும் எவருக்கும், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவைதான் தீர்வு. ஒரு முனையில் இன்ஹேலரைச் சொருகி ஒரு பஃப் அடித்து, மறுமுனையில் ஐந்தாறு தடவை இயல்பாக மூச்சுவிட்டால் போதும். நான்கைந்து பஃப்பை மொத்தமாக அடித்துவிட்டு இழுக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத்தான். சின்னக் குழந்தைகளுக்கு முகமூடி சேர்ந்த ஸ்பேசர் வேண்டும். அதை முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பேசர் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹீதர் ஸார் தலைமையிலான மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய்ப்பகுதி அளவுக்குத் துளை போட்டு, இன்ஹேலரை அதில் சொருகி, குழந்தைகளைப் பாட்டிலின் வாய் வழியாக உறிஞ்சவைத்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது இளைத்ததல்ல என்று 1999இல் ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். காசு இல்லை என்பது ஒரு பிள்ளை ஸ்பேசர் இல்லாமல் தவிக்கக் காரணமாக வேண்டியதில்லை.

நம் ஊரில் அதிகம் புழங்குவது கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலர் வகை. இதற்கு முறை நேரெதிர். இதில் மருந்தைத் தள்ளிவிட வாயு கிடையாது. உங்கள் மூச்சின் வேகம்தான் பொடியை இழுத்துச் செல்ல வேண்டும். ஆகவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும். உறிஞ்சிய பிறகு திறந்து பாருங்கள். பொடி மீதமிருந்தால் மறுபடி இழுங்கள். கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் தடவை ஒருவர் கூட இருந்து செய்துகாட்ட வேண்டும். திணறல் முற்றியிருக்கும் நேரத்தில் வேகமாக இழுக்கத் தெம்பு இருக்காது. அப்போது ஸ்பேசரோடு பீய்ச்சும் இன்ஹேலரே கைகொடுக்கும்.

ஸ்டீராய்டு கலந்த எந்த இன்ஹேலர் அடித்தாலும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். தொண்டையில் வெண்படலம் வராது, குரலும் கம்மாது.

கை நடுக்கமும் கண் சொட்டு மருந்தும்

இரண்டு பஃப்புக்குப் பிறகு கை லேசாக நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சிலருக்கு வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடிக்கடி, அதிக அளவில் எடுக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல் கவலை. இதயத் துடிப்புக் கோளாறு, தைராய்டு மிகைப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு, பஃப் அடித்த உடனேயே வீசிங் கூடும். அப்படி ஆனால் அந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சந்தடியில்லாமல் குறுக்கே வருகிற மருந்துகள் சில. புரோப்ரனலால் என்ற மாத்திரை, படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதப்படுவது. அது சால்பியூட்டமால் திறக்கும் கதவை மறுபக்கமிருந்து மூடும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே வகைதான். கண்ணில் விடும் சொட்டு நெஞ்சைப் பிடிக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கண் மருத்துவரிடம் “எனக்கு ஆஸ்துமா இருக்கு” என்று சொல்வது முக்கியம். வலி நிவாரணி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் சிலருக்கு வீசிங்கைத் தூண்டும். ஒரு தடவை அப்படி ஆகியிருந்தால் அந்த மாத்திரையின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நெபுலைசரில் இப்ராட்ரோபியம் என்ற மருந்தைக் கலந்து வைக்கும்போது முகமூடி தளர்ந்து ஆவி கண்ணில் பட்டால் கண் அழுத்தம் ஏறக்கூடும். கண் அழுத்த நோயாளிகளுக்கு வாயில் வைக்கும் குழாயே நல்லது.

கர்ப்பிணிகள் இன்ஹேலரைத் தாங்களாக நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் பிராணவாயுவும் குறையும். ஆபத்து அங்கேதான். மருத்துவர் சொன்ன இன்ஹேலரைத் தொடர வேண்டும்.

வயதானவர்களுக்கு வரும் எல்லா இளைப்பும் ஆஸ்துமா ஆகாது. பல ஆண்டுகள் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் வெந்த பெண்களுக்கும் வருவது பெரும்பாலும் சி.ஓ.பி.டி. என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. அதற்கு டியோட்ரோபியம் போன்ற நாள் முழுதும் தாங்கும் மருந்துகளை ஸ்டீராய்டு இல்லாமலும் கொடுப்பார்கள். ஆஸ்துமாவுக்கு நீண்டநேர மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கவே கூடாது. அதனால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் இன்ஹேலரை வாங்கி அடிக்கிற பழக்கம் ஆகாது. இதயம் பலவீனமானாலும் படுத்தால் மூச்சுத் திணறும், விசில் சத்தமும் வரும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வீசிங் வந்தால் பம்ப் வாங்கும் முன் இதயத்தையும் பார்த்துவிடுங்கள்.

திணறல் முற்றினால்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் ஒவ்வொரு சொல்லாக விடுவது, உதடும் நகமும் நீலம் பூப்பது, குழந்தைக்கு விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குவது, குழப்பம், மயக்கம் ஆகியவை அபாய அறிகுறிகள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் திடீரென நின்று, ஆள் தளர்ந்துபோனால் “சரியாயிடுச்சு” என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். அபாய அறிகுறி ஏதாவது தெரிந்தால் முதல் வேலை 108க்கு அழைப்பது. பஃப் கொடுப்பதை அழைத்துக்கொண்டே செய்யலாம்.

ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் முதலுதவி நான்கு என்ற எண்ணில் அடங்குகிறது. ஆளை நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். ஸ்பேசர் வழியாக நான்கு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். தேறவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை நான்கு நான்காகத் தொடருங்கள். இந்த நேரத்தில் “அதிகமாப் போச்சே” என்று பயந்து நிறுத்தக் கூடாது. அன்றாடம் கணக்காக இருக்க வேண்டிய கை, அவசரத்தில் தாராளமாக இருக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக் காற்றோட்டம் விடுங்கள். தூக்க மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி பஃப் தேவைப்பட்டால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்ற தைரியம் இங்கேதான் கெடுக்கிறது. மிதமான திணறலுக்கு ஸ்பேசரும் இன்ஹேலரும் நெபுலைசருக்கு ஈடானவை. அதை மீறிய திணறலுக்குத் தேவை ஆஸ்பத்திரியும் ஆக்சிஜனும். வீட்டு நெபுலைசரில் மூன்றாவது தடவை மருந்து ஊற்றும் நேரத்தில் வண்டி பிடித்திருக்க வேண்டும்.

வாங்கினால், வைத்திருந்தால்

மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு கொஞ்ச நேரம் பீய்ச்சும். சத்தம் வரும், மருந்து வராது. குடுவையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத் தகுந்த சோதனை இல்லை. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் வாங்கிய தேதியைப் பிளாஸ்டிக் உறையில் மார்க்கரால் எழுதிவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். அழுத்தம் நிறைந்த குடுவை அது. வாரம் ஒரு தடவை உலோகக் குடுவையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். பொடி படிந்து துளை அடைத்தால் அவசரத்தில் காலை வாரும்.

போகிப் புகையும் தீபாவளிப் பட்டாசும், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் நாள்காட்டியில் முன்கூட்டியே தெரிகிறவை. திருப்பூர்ப் பஞ்சுத்தூசியிலும் கல் குவாரியிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டு முழுதும் அதே நிலை. அந்த நாட்களுக்கு முன் தினசரி ஸ்டீராய்டைத் தவறவிடாமல் இருப்பது, அன்றைக்குப் பத்து பஃப் அடிப்பதைவிட மேல். ஓட்டப் பந்தயத்துக்கு முன் பிள்ளைக்கு இரண்டு பஃப் கொடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். இன்ஹேலர் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடந்தால் மைதானத்தில் திணறும் பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமம்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு கேள்விகள் போதும். இது நிவாரணமா, தினசரியா, இரண்டுமா? நான் அடிப்பது சரியா, பார்த்துச் சொல்வீர்களா? எத்தனை பஃப் தாண்டினால் உங்களிடம் வர வேண்டும், எத்தனை தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? தினசரி மருந்தை எப்போது குறைக்கலாம்? மூன்றாவது கேள்விக்கான பதிலை எண்ணாக எழுதி வாங்குங்கள். அந்த எண் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால், நள்ளிரவில் திணறுகிறவர் போவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க வேண்டியதில்லை. மனைவியோ மகனோ எண்ணைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிடலாம்.